கூட்டுத்தொகை சரி, மாட்டுக்கொட்டகை ஆற்றில்

நேற்றுச் சாப்பிடும்போது மூத்தவன் ஒரு வார்த்தை சொன்னான். ஆபீசில் ஏதோ ஒரு நிலத்தின் பரப்பைப் பற்றித் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தவன், “கொஞ்சம் வித்தியாசம் வருதுதான், ஆனா அனுமதிச்ச பிழைக்குள்ளதான்டா இருக்கு, விடு” என்றான். நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். “ரசத்துல உப்பு கூடிப்போச்சா?” என்று உங்கள் அம்மா கேட்டாள். ரசத்தில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் அந்த வார்த்தையின் மேல்.

நேரில் பேசினால் நான் கத்துவேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, அப்பா எப்போது முடிப்பார் என்று காத்திருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மூத்தவன் படம் வரையும் மேசைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இளையவன் அளவைச் சங்கிலி பிடிக்கப் போகிறேன் என்கிறான். மூத்தவனோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம், அதற்கு மேல் பாதிரியார் ஒருவர் நடத்திய வகுப்பில் கொஞ்சம் இங்கிலீஷ். பெரிய கணிதம் எனக்குத் தெரியாது. ஆனால் பரப்புக் கணக்குப் போட்டே நரைத்த தலை இது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனாலும் என் வாயால் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் நேரான வேலி, எதிர்ப்பக்கம் வளைந்து வளைந்து போகும் ஆற்றங்கரை, இரண்டுக்கும் நடுவில் நிலம். வேலியோரமாகச் சங்கிலியை நேராகப் போடுகிறோம். சம தூரத்துக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் கரை வரைக்கும் குறுக்கே அளக்கிறோம். கரையில் முடிகிற அந்த நுனிகளை நேர்கோட்டால் சேர்த்தால் நிலம் சரிவகத் துண்டுகளாகப் பிரிந்துவிடும். முதல் அளவிலும் கடைசி அளவிலும் பாதி எடு, நடுவில் உள்ளதை முழுசாக எடு, எல்லாவற்றையும் கூட்டு, முளைக்கு முளை உள்ள தூரத்தால் பெருக்கு. பரப்பு வந்துவிட்டது. சுலபம், வேகம், யாரும் செய்யலாம்.

இதற்குள் ஒரு திருட்டு உட்கார்ந்திருக்கிறது. கரை வளைவானது, நாம் போட்டதோ நேர்கோடு. வில்லும் நாணும் மாதிரி. கரை ஆற்றுப் பக்கம் புடைத்திருந்தால், நாணுக்கு வெளியே இருக்கிற நிலம் கணக்கில் வராது. கரை உள்வாங்கியிருந்தால், நாணுக்கு உள்ளே கிடக்கிற தண்ணீரும் நிலம் என்று கணக்கில் ஏறிவிடும். முளைகளை நெருக்கி அடித்தால் இந்தத் திருட்டு சுருங்கும், அகட்டி அடித்தால் கொழுக்கும். விதியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது நம்மிடம் கேட்பது ஒன்றுதான். கரை எங்கே திரும்புகிறதோ அங்கே வந்து அள என்கிறது. அங்கே போகாமல் வீட்டுக்குப் போகிறவன் மேல்தான் கோபம்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து நடந்தது இது. அப்போது நான் ஒரு அளவை ஆபீசில் படம் வரைந்துகொண்டும் மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தேன். எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு நிலம் கிடந்தது. நம்மவர்கள் சிலர் லைசென்ஸ் வாங்கி அதில் மாடு கட்டிப் பால் கறந்து விற்றுவந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. துண்டுக்குத் துண்டு, ரோட்டிலிருந்து ஆறு வரை ஒரு முள்வேலி.

அஞ்சலையக்கா அவர்களில் ஒருத்தி. புருஷன் தண்டவாள வேலை பார்த்தவன், காய்ச்சலில் போய்விட்டான். அவளுக்கு ஆறு மாடு. எங்கள் வீட்டுக்கும் அவள்தான் பால் ஊற்றினாள். பக்கத்துத் துண்டு அவள் கொழுந்தன் வீரப்பனுடையது. அவனுக்கு நாலு மாடு. அண்ணன் இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. அண்ணன் போன பிறகு பேச்சுவார்த்தை வேலிக்கு மேலேதான், அதுவும் சண்டை என்றால்தான்.

சுகாதாரத்துக்காரர்கள் அந்த வருஷம் ஒரு உத்தரவு போட்டார்கள். இடத்தின் பரப்பைப் பார்த்து இத்தனை மாடு என்று லைசென்ஸில் எழுதிவிடுவார்கள், அதற்கு மேல் இருக்கிற மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். உத்தரவில் தப்பு சொல்லமாட்டேன். சாணி ஆற்றில் இறங்கினால் கீழே தண்ணீர் எடுக்கிறவர்கள் வயிற்றுப்போக்கில் சாவார்கள். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் பரப்பு வேண்டும் என்று எங்கள் ஆபீசைக் கேட்டார்கள்.

அளக்கப் போன சர்வேயர் மழைக்காலத்தில் போனார். துண்டுகளின் நடுவே முழங்கால் வரை சாணிச் சேறு, ஆள் உயரத்துக்கு லாலான் புல், அட்டை. வேலியோரத்தில் மட்டும் மாடு நடந்து நடந்து கெட்டியான பாதை. வேலிகளும் ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தன. மனுஷருக்கு வேறென்ன வேண்டும்? முளைகளை ரோட்டோரத்தில், வேலி தொடங்குகிற இடங்களிலேயே அடித்தார், வேலி வழியாகவே ஆறு வரைக்கும் அளந்தார், சப்பாத்து நனையாமல் திரும்பிவிட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டே அளவு. இந்தப் பக்க வேலி ஒன்று, அந்தப் பக்க வேலி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கரை என்ன செய்கிறது என்று ஒருத்தரும் இறங்கிப் பார்க்கவில்லை. நம் தொழில்காரர்களால் மட்டும் செய்ய முடிந்த தப்பு இது. பெருக்கல் சுலபமாக வரவேண்டும் என்பதற்காக நிலத்தை அளப்பது!

அந்தக் கணக்கு சரிபார்க்கும்படி என் மேசைக்கு வந்தது. நான் இன்னும் அதைத் தொடவில்லை. மறுநாள் காலை அஞ்சலையக்கா பால் செம்பை வாசலில் டங்கென்று வைத்தாள். சங்கிலிக்காரன் ஒருத்தன் காப்பிக்கடையில் உளறியிருந்தான்.

“தம்பி, எனக்கு நாலு மாட்டுக்குத்தான் எடமாமே?”

“யாரு சொன்னா அக்கா?”

“யாரு சொன்னா என்னா. நாலா ஆறா, அத சொல்லு.”

“இன்னும் முடிவாகல. கணக்கு என்கிட்டதான் இருக்கு.”

“ஒங்கிட்டயா இருக்கு? அப்ப நல்லா கேட்டுக்க. இத்தன நாளா ஒன் வீட்டுக்குப் பால் ஊத்துறேன். தண்ணி கலந்தேன்னு ஒரு நாள் சொல்லியிருக்கியா?”

“இல்லக்கா.”

“நான் பால்ல கலக்கல. நீங்க என் நெலத்துல தண்ணியக் கலந்துட்டீங்களாடா?”

உங்கள் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அக்கா குரலைக் குறைக்கவில்லை.

“அந்த வீரப்பனுக்கு மட்டும் ஆறாம்! அவன் எடத்துல பாதிய ஆறு தின்னுட்டுப் போயிருச்சு. மழ பேஞ்சா அவன் மாடு நீச்சலடிக்குது. அவனுக்கு ஆறு, எனக்கு நாலு. எந்த ரெண்ட வெரட்டுறது, நீயே சொல்லு. செனையா நிக்கிற மயிலையவா? கண்ணு போட்டு பால் கட்டி நிக்கிற செவலையவா?”

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகக் கூட்டலைப் பார்த்தேன். சரி. பெருக்கலைப் பார்த்தேன். அதுவும் சரி. அப்புறம் படத்தை விரித்தேன். படத்தில் கரை அழகாக வளைந்து வளைந்து போனது. சர்வேயர் தூரத்தில் நின்று கண்ணால் பார்த்ததைக் கையால் வரைந்திருந்தார். கொட்டகைகளையும் சின்னச் சின்னக் கட்டமாகக் குறித்திருந்தார். பார்க்கிற யாரும் வளைவு கணக்கில் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அது படத்தில் மட்டும்தான் வளைவு, கணக்கில் நேர்கோடு.

ரூலரை வைத்து, ஒரு வேலி நுனியிலிருந்து அடுத்த வேலி நுனிக்குப் பென்சிலால் இழுத்தேன். அஞ்சலையக்காவின் கொட்டகை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் கணக்குப்படி அவளுடைய மாடுகள் ஆற்றுக்குள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. பக்கத்துத் துண்டிலோ வீரப்பனுக்குத் தண்ணீரின் மேல் நிலம் கொடுத்திருந்தோம்.

அன்று சாயந்தரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அக்காவின் துண்டில் கரை தொப்பை மாதிரி ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. நல்ல கெட்டி மண். வேலியைத் தாண்டினால் அதே கரை பள்ளமாக உள்ளே வாங்கி, ஆகாயத்தாமரை மிதக்கிற தண்ணீராகக் கிடந்தது. வீரப்பன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் அவனுக்குக் கிராணிதான்.

“என்னா கிராணி, இந்த நேரத்துல? மீன் புடிக்கவா?”

“ஒங்க எடத்தப் பாக்க வந்தேன் அண்ணே.”

“பாருங்க, பாருங்க. ஆறு மாட்டுக்கு எடம். சர்க்காரே சொல்லியாச்சு.”

“அதுல பாதி தண்ணியில்ல நிக்குது?”

“நானா அளந்தேன்? நீங்க அளந்தீங்க. தொர ஆபீசு குடுக்கிறத வேணாம்னு சொல்ல எனக்கு என்னா பைத்தியமா?” வேலிக்கு அந்தப் பக்கம் மோவாயை நீட்டினான். “அண்ணிக்கு ரெண்டு மாடு கூடுதல். எனக்கு ரெண்டு மாட்டுக்கு எடம் காலி. சாமியே பாத்துப் பண்ணுனாப்புல இல்ல? நானே புடிச்சி வச்சிக்கிறேன், இருக்கட்டும் லா.”

சாமி பண்ணவில்லை. சர்வேயரின் சப்பாத்து பண்ணியது. ஆனால் வீரப்பன் சொன்னதில் ஒன்று என்னைச் சுட்டது. அளந்தது நாங்கள்தான். இரண்டு துண்டிலும் நடுவில் இறங்கி ஒவ்வொரு அளவு எடுத்தேன். அந்த ஒரு அளவைச் சேர்த்துக் கணக்குப் போட்டதுமே அக்காவின் பரப்பு ஏறியது, வீரப்பனுடையது இறங்கியது. இன்னும் நெருக்கி எடுத்தால் இன்னும் ஏறும், இன்னும் இறங்கும் என்று கரையைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் தலைமைப் படக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பேர் வேண்டாம். பென்சில் சீவுவதிலிருந்து மை தொடுவது வரைக்கும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர். தொழில் அவரிடமிருந்து வந்ததால்தான் அவர் மேல் உள்ள கோபம் இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது. தெரியாதவர் தப்பு செய்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

“கூட்டல் பிழையோ?” என்று கேட்டார்.

“இல்லைங்க ஐயா, சரி.”

“பெருக்கல்?”

“அதுவும் சரி.”

“பிறகேன் கையெழுத்து வைக்காமல் வந்து நிக்கிறீர்?”

படத்தை விரித்துப் பென்சில் கோட்டைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

“ஓம், தெரியும். புடைச்ச இடத்தில குறையும், குழிஞ்ச இடத்தில கூடும். உதை நீர்தான் புதுசாக் கண்டுபிடிச்சதெண்டு நினைச்சீரோ?”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“சத்தம் போடாதையும். முழு நிலத்துக்கும் பழைய பரப்பு ஒண்டு இருக்கு. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாரும். அனுமதிச்ச பிழைக்குள்ள நிக்குது. ஒரு இடத்தில குறைஞ்சது மற்ற இடத்தில கூடிச் சமனாப் போச்சு. கூட்டுத்தொகை சரி. வேறென்ன வேணும் உமக்கு?”

“கூட்டுத்தொகையில யாரும் மாடு கட்டலீங்க ஐயா.”

அவர் முகம் சிவந்தது. அளக்கிற கூட்டம் வேறு வேலையாகச் சுங்கை பூலோவுக்குப் போய்விட்டது, திருப்பிக் கூப்பிட முடியாது என்றார். ஒரு துண்டைத் திறந்தால் எல்லாத் துண்டையும் திறக்க வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

“ரெண்டு பேரும் ஆர்? அண்ணன்ர பெண்சாதியும் தம்பியும். மாடு வெளியால போகேல்லையே. ஒரு குடும்பத்துக்குள்ளதானே நிக்கப்போகுது.”

நாம் அளந்த தப்பைக் குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்! அவள் கையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் ஒரு உடம்புதானே என்கிற நியாயம். பிழை கூடிக் குறைந்து சமமாகிவிட்டது என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிழை தாளில்தான் சமமாகிறது. நிலத்தில் அது ஒருத்தர் தலையில் இறங்குகிறது, இன்னொருத்தர் மடியில் விழுகிறது. அனுமதித்த பிழை என்கிறீர்களே, யார் அனுமதித்தது? அஞ்சலையக்காவைக் கேட்டா அனுமதித்தார்கள்? சின்னப் பிழை என்கிறீர்கள். முழு நிலத்துக்கு அது சின்னது. அவளுக்கு அது மயிலையும் செவலையும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் அடுத்த மேசைக்காரனைக் கூப்பிட்டார். அவன் கூட்டலைப் பார்த்தான், சரியாக இருந்தது, போட்டுவிட்டான். அவனை நான் திட்டியதில்லை. அவனைக் கேட்டது கூட்டல் சரியா என்று மட்டும்தான். எங்கள் ஆபீசில் ஒரே கூட்டலை மூன்று பேர் சரிபார்ப்பார்கள். முளை எங்கே அடித்தது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். உங்கள் ஆபீசிலும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இல்லை என்று சொல்லாதீர்கள்.

மாடு பார்க்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எல்லை காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்தச் சேற்றுக்கு யாரும் போகமாட்டார்கள். தலைமைப் படக்காரர் என்னைப் பார்த்து, “நீர்தான் போகவேணும். அந்த இடம் உமக்கு நல்லாப் பழக்கம்தானே” என்றார். அது தண்டனை. போனேன். கூட ஒரு சங்கிலிக்காரனும் வந்தான்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், ஊருக்குப் புதுசு. கூட வந்த பியூன் கையில் சுண்ணாம்புச் சட்டி இருந்தது. அப்புறப்படுத்த வேண்டிய மாட்டின் கொம்பில் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த மாட்டை அங்கே பார்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அக்காவின் கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். எந்த இரண்டு என்று காட்டும்படி பியூன் கேட்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் நின்றாள். வீரப்பன் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி வந்துவிட்டான்.

“நான் புடிச்சிட்டுப் போறேன் அண்ணி. கசாப்புக்கா போகுது? ஒங்க கண்ணு முன்னாலதான நிக்கும்.”

“ஒன் கொட்டாயில நின்னா அது யாரு மாடுடா?”

“லைசென்சு யாரு பேர்ல இருக்கோ அவங்க மாடு. நான் என்னா செய்ய, சட்டம் அப்படி.”

“கறக்கிறது யாரு?”

“நான்தான் கறப்பேன். எடம் என்னுதுல்ல?”

“ஒங்கண்ணன் எரிஞ்ச சூடு ஆறட்டும்னாவது பாத்தியாடா நீ?”

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. சத்தம் மட்டும் புரிந்தது. தெரிந்த கொஞ்ச மலாயில், “சியாப்பா பூஞா லெம்பு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். யாருடைய மாடு?

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று என்னோடு யோசியுங்கள். மாடு அவளுடையது என்று சொன்னால், அவளுக்கு நாலுதான் அனுமதி, இரண்டின் கொம்பில் சுண்ணாம்பு விழும். பேசாமல் நின்றால் வீரப்பன் பதில் சொல்லிவிடுவான், இரண்டும் அவன் பேரில் ஏறிவிடும். மாடு பிழைக்கும், அவள் பிழைக்கமாட்டாள். படம் தப்பு என்று சொன்னால், ஆபீஸ் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை ஆபீஸ் ஆளே வெளியாளிடம் காட்டிக்கொடுத்ததாக ஆகும். வீட்டில் மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான். எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. அந்த மாதிரி நேரத்தில் பெரிய நியாயத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. உங்களை எந்த வேலைக்கு அனுப்பினார்களோ அதைத் தேடுங்கள். என்னை எதற்கு அனுப்பினார்கள்? எல்லை காட்ட. சரி, காட்டிவிடுவோம் என்று நினைத்தேன்.

“துவான், முதலில் எல்லையைப் பாருங்கள், மாட்டை அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

சங்கிலிக்காரனை ஒரு வேலி ஆற்றைத் தொடுகிற இடத்துக்கு அனுப்பினேன். சங்கிலியின் மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு அடுத்த வேலியின் நுனிக்குப் போனேன். இரண்டு பேரும் இறுக்கி இழுத்தோம். சங்கிலி கொட்டகைக்கு முன்னால், இன்ஸ்பெக்டருக்கும் ரோட்டுக்கும் நடுவே, நேராக நின்றது.

“கணக்கில் உள்ள கரை இதுதான். இந்தச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஆறு. துவான் இப்போது ஆற்றில் நிற்கிறீர்கள்.”

அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி, கொட்டகைக்கு அப்பால் நிஜமான ஆறு எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று பார்த்தார். படத்தை வாங்கி என் பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். அடுத்து வீரப்பனின் துண்டில் அதே மாதிரி சங்கிலியை இழுத்தோம். சங்கிலிக்கு உள்பக்கம், அவனுக்குக் கணக்கில் கொடுத்த நிலத்தின் மேல், ஆகாயத்தாமரை மிதந்தது.

“இதைச் சரிபார்த்தது நீயா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“இல்லை. இதனால்தான் நான் கையெழுத்துப் போடவில்லை.”

வீரப்பன், “கிராணி, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? யாரு கூலி குடுத்தா?” என்று கத்தினான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுண்ணாம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டரை நியாயஸ்தர் என்று நினைத்துவிடாதீர்கள். தகராறு உள்ள கணக்கின் கீழே தன் பேரை எழுத அவருக்குப் பயம், அவ்வளவுதான். திரும்ப அளந்து கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஏறினார். சட்டியும் பின்னாலேயே போனது. மயிலை ஒரு தரம் கனைத்தது. அப்போதுதான் அக்கா கட்டியிருந்த கையை எடுத்தாள்.

ஆபீசில் தலைமைப் படக்காரர் என்னை நிற்கவைத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். “எனக்குச் சொல்லாமல் என்ர முதுகில குத்திப்போட்டீர்” என்று மட்டும் சொன்னார். சொன்னேனே ஐயா, சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவருக்கு நான் சொன்னது சொன்னதாகவே தோன்றவில்லை, அதுதான் விஷயம். சுங்கை பூலோவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். இந்தத் தடவை லாலானை வெட்டி, சேற்றுக்குள் பலகை போட்டு, கரை திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி அளந்தார்கள். முளைத் தூரம் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாததால் ஒவ்வொரு சரிவகத்தையும் தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. கணக்குப் போட்டவன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும். அக்காவுக்கு ஆறு மாடு, வீரப்பனுக்கு நாலு என்று வந்தது. முழு நிலத்தின் கூட்டுத்தொகை ஏறக்குறைய பழையபடியே இருந்தது.

எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். வேறு சில துண்டுகளிலும் கணக்கு மாறியது. கூடினவர்கள் தங்கள் இடம் தங்களுக்கு வந்தது என்று இருந்துவிட்டார்கள். குறைந்தவர்கள் நான் கூலி வாங்கிக்கொண்டு செய்தேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். அதில் ஒருத்தர் ஒரு கிடாரியைக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. அவர் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. முதல் நாளே சரியாக அளந்திருந்தால் அவர் கிடைக்காததற்கு ஆசைப்பட்டிருக்கமாட்டார். சரியாக்குவதிலும் ஒருத்தருக்கு வலிக்கும்படி செய்துவிடுகிறது அந்த முதல் சோம்பேறித்தனம். அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது?

என்னைத் தெலுக் பங்லிமா காராங் பக்கம் மாற்றினார்கள். கடல் தண்ணீர் தோட்டங்களுக்குள் ஏறாமல் தடுக்க மண்ணணை போடுகிற இடம். சதுப்பு, கொசு, காய்ச்சல். ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் அஞ்சலையக்காவின் கொட்டகைக்குப் போனேன். ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன். அவள் செவலையிடம் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“லைசென்சு வந்திருச்சாக்கா?”

“வந்துச்சு.”

“ஆறுன்னுதான போட்டிருக்கு? சந்தோஷந்தான?”

கறப்பதை நிறுத்தினாள்.

“எதுக்குடா சந்தோஷம்? என் ஆறு மாடு என் ஆறு மாடாத்தான் நிக்குது. நீங்க என்னா புதுசா ஒரு கண்ணுக்குட்டியா குடுத்துட்டீங்க? தப்பா அளந்ததும் ஒங்க ஆபீசு, சரியா அளந்ததும் ஒங்க ஆபீசு. நடுவுல நான் சோறு தண்ணியில்லாம இதுங்க கழுத்தக் கட்டிக்கிட்டுக் கெடந்தேனே, அத யாரு அளந்தீங்க?”

அவள் மறுபடியும் காம்பைப் பிடித்தாள்.

“மாத்திட்டாங்களாமே. எங்க?”

“தெலுக் பங்லிமா காராங்.”

“சேறா?”

“சேறுதான்.”

“போ. போயி அங்கயாவது நடுவுல எறங்கி அள.”

அங்கே சேறு இடுப்பு வரைக்கும் இருந்தது. இறங்கினேன்.